ஐந்தை ஒன்பதால் வகுத்தால் பூஜ்யம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போகும் நேரம், பெங்களூரிலிருந்து பேத்தி வீடியோவில் கூப்பிட்டாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

"தாத்தா, இந்தக் கம்ப்யூட்டருக்குக் கூட்டல் கணக்கே தெரியலை. 12-ஐயும் 12-ஐயும் கூட்டச் சொன்னா 1212-ன்னு சொல்லுது."

என் மகனும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் அவனை எழுப்ப யாராலும் முடியாது. அதனால் ஓய்வு பெற்ற தாத்தாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது.

அவள் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே மாதிரி ஒரு கேள்வியை 1987-இல் ஒரு மாணவி என்னிடம் கேட்டிருக்கிறாள். அப்போது நான் பதில் சொன்ன விதம் இன்றைக்கும் மனசை உறுத்துகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தது 1976-இல். கடைசிப் பருவத்தில் ஃபோர்ட்ரான் என்று ஒரு பாடம். கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடையாது. அதன் படம் மட்டும் இருந்தது. கட்டம் போட்ட தாளில் புரோகிராம் எழுதுவோம். ஊரில் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் அட்டையில் துளையிடும் இயந்திரம் இருந்தது. தயவு கேட்டு அங்கே அட்டை அடித்து வாங்கிக்கொள்வோம். ஒரு வரிக்கு ஓர் அட்டை. ஓர் அட்டையில் 80 பத்திகள். முதல் 5 பத்தி வரி எண்ணுக்கு, 6-ஆவது பத்தி முந்தைய வரியின் தொடர்ச்சி என்று காட்டுவதற்கு, 7 முதல் 72 வரை நாம் எழுத வேண்டியது. ஓர் எழுத்து ஏழுக்குப் பதில் ஆறில் விழுந்தால் போச்சு. அட்டைக்கட்டை ரப்பர் பேண்ட் போட்டு யாராவது சென்னைக்குப் போகும்போது கொடுத்தனுப்புவோம். ஒரு வாரம் கழித்துக் கட்டு திரும்பி வரும், கூடவே அகலமான தாளில் விடை வரும். பெரும்பாலும் விடை இருக்காது. எங்கோ ஒரு காற்புள்ளி விட்டுப்போனது என்று ஒரு வரி இருக்கும். அதைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். ஒரு காற்புள்ளிக்கு ஒரு வாரம்!

எனக்குக் கொடுத்த கணக்கு, ஒரு வகுப்பு மாணவர்களின் மதிப்பெண் சராசரி. காற்புள்ளியெல்லாம் சரியாகி மூன்றாவது வாரம் விடை வந்தது. 62. கையால் போட்டுப் பார்த்தால் 62.75. முக்கால் மதிப்பெண்ணைக் காணோம். தாளை எத்தனை முறை பார்த்தாலும் தப்பு தெரியவில்லை.

அட்டை அடிக்கும் பிரிவில் ஓர் அண்ணாச்சி இருந்தார். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எழுத்தைப் பார்த்து அட்டையில் அடிப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஃபோர்ட்ரான் அவருக்குத் தெரியாது. நான் முகம் வாடி நிற்பதைப் பார்த்துவிட்டு, "இது என்னதான் சொல்லுது, ஒவ்வொரு வரியா எனக்குச் சொல்லுங்க தம்பி" என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இவருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் மரியாதைக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிக்கு முந்திய வரியில் அவர் விரலை வைத்தார்.

"இதென்ன தம்பி, கணக்குல மீன் வருது?"

"மீன்னா சராசரி அண்ணாச்சி. இங்கிலீஷ்ல அப்படித்தான். எம்-ல ஆரம்பிச்சு..."

அதோடு நின்றுவிட்டேன். ஃபோர்ட்ரானில் ஒரு விதி உண்டு. ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்கும் பெயர்களை அது முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். மற்ற எழுத்துகள் என்றால் தசம எண். நான் வைத்த பெயர் எம்-இல் தொடங்கியதால் முக்காலை வெட்டி எறிந்துவிட்டது. முன்னால் ஓர் 'ஏ' சேர்த்து 'ஏமீன்' ஆக்கினேன். அடுத்த வாரம் 62.75 வந்தது. அண்ணாச்சிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் செய்த உதவி என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது முழுசாகத் தெரியாது.

புரோகிராமில் வரும் பிழையைப் பூச்சி என்ற பொருளில் 'பக்' என்பார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க்-2 என்ற இயந்திரத்தின் ரிலே ஒன்றில் நிஜமான விட்டில் பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பூச்சியால்தான் இந்தப் பெயர் வந்தது என்று நானே பல வருஷம் வகுப்பில் கதை விட்டிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, 1878-இலேயே எடிசன் தன் கருவிகளில் வரும் கோளாறுகளைக் கடிதத்தில் அப்படித்தான் குறிப்பிட்டிருக்கிறார். பெயர் முன்பே புழக்கத்தில் இருந்ததால்தான் 1947-இல் நிஜப் பூச்சி கிடைத்தபோது அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். கம்பைலர்களுக்கு வழி போட்டவர்களில் ஒருவர்.

எனக்குப் பூச்சியைவிடப் பிடித்த கதை கேம்பிரிட்ஜில் நடந்தது. 1949 மே 6 அன்று அங்கே எட்சாக் என்ற கணினி முதன்முதலாக ஓடியது. அதைக் கட்டியவர் மாரிஸ் வில்க்ஸ். கட்டியவரே உட்கார்ந்து, ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க உருப்படியான ஒரு புரோகிராம் எழுதினார். சரியாக ஓடவில்லை. காகித நாடாவில் துளையிடும் அறைக்கும் கணினி அறைக்கும் இடையே படியேறிக்கொண்டிருந்தபோது, இனி தன் வாழ்நாளில் பெரும்பகுதி தன் புரோகிராமில் தானே செய்த தப்புகளைத் தேடுவதில்தான் கழியப்போகிறது என்று உறைத்ததாகப் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். கணினி வரலாற்றாளர் மார்ட்டின் கேம்ப்பெல்-கெல்லி அந்தப் பழைய நாடாவை எடுத்து ஆராய்ந்து பார்த்தார். 126 வரிகள், சுமார் 20 பிழைகள்.

எங்கள் பாலிடெக்னிக்கில் முதல் நாள் வகுப்பில் இதைத்தான் சொல்வேன். கணினியைச் செய்தவருக்கே ஆறு வரிக்கு ஒரு தப்பு. நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள்?

கேம்பிரிட்ஜ்காரர்கள் அதோடு விடவில்லை. அப்போதெல்லாம் புரோகிராம் நின்றுவிட்டால் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி, திரையில் தெரியும் புள்ளிகளைப் பார்த்துத் தப்பைத் தேடுவார்கள். வரிசையில் மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள். ஸ்டான்லி கில் என்பவர் வேறு வழி கண்டார். ஒரு புரோகிராம் ஓடும்போதே அது எந்தெந்தக் கட்டளையைச் செய்கிறது என்று வரிசையாக அச்சடித்துத் தரும் இன்னொரு புரோகிராமை எழுதினார். 1951-இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். அந்த அச்சுத்தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படித்துத் தப்பைக் கண்டுபிடிக்கலாம். புதிதாகக் கற்றவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய உதவி என்று இதைச் சொல்வேன்.

1965-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வெஸ் கிரஹாம் என்ற பேராசிரியரின் ஊக்கத்தில் மாணவர்கள் நான்கு பேர் வாட்ஃபார் என்ற ஃபோர்ட்ரான் கம்பைலரை எழுதினார்கள். மாணவர்களுக்காக மாணவர்களே எழுதியது. வேகமாக ஓடும், தப்பு எங்கே என்று கொஞ்சம் மனிதப் பாஷையில் சொல்லும். மதிப்பே கொடுக்காத ஒரு பெயரைக் கணக்கில் பயன்படுத்தினால் பிடித்துவிடும். மற்ற கம்பைலர்கள் அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த குப்பையை எடுத்துக் கணக்குப் போட்டுவிடும்.

அதற்கு முந்திய வருஷம், 1964 மே 1 அன்று, அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியை ஓட்டிக் காட்டியிருந்தார்கள். கணிதம், பொறியியல் படிக்காத மாணவர்களுக்கும் கம்ப்யூட்டர் கைவர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதில் முழு எண், தசம எண் என்ற பிரிவினையே வைக்கவில்லை; எல்லாம் ஒரே இனம். டெலிடைப்பில் தட்டினால் தப்பு என்னவென்று சில விநாடியில் தெரிந்துவிடும். நான் சென்னைக்குக் கட்டு அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன் என்றேனே, அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அங்கே இந்த வசதி வந்துவிட்டது.

1970-களின் தொடக்கத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை. பி.எல்/சி என்ற அவர்களுடைய கம்பைலர் மாணவர் செய்த தப்பைத் தானே திருத்திவிடும். அடைப்புக்குறி விட்டுப்போனால் போட்டுக்கொள்ளும். எழுத்துப்பிழை இருந்தால் சரிசெய்துகொள்ளும். எதைத் திருத்தினேன் என்று பக்கத்தில் அச்சடித்துவிட்டு ஓட்டிப் பார்க்கும். அட்டைக் காலத்தில் ஒரு நாள் வீணாகாமல் இருக்க இது நல்ல உதவிதான். ஆனால் திருத்திக் கொடுப்பதும் கற்றுக்கொடுப்பதும் ஒன்றா? இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கான விலையைக் கொடுத்தது நான் இல்லை.

1984-இல் நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வாத்தியார் ஆனேன். 1987-இல் எங்கள் ஆய்வகத்தில் நான்கு பி.சி. இருந்தன. ஒரு வகுப்பில் முப்பத்தாறு பேர். ஒரு மெஷினுக்கு ஒன்பது பேர் என்று முறை வைத்து உட்கார வைப்போம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்; கோயில் மாதிரி.

அந்த வகுப்பில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அம்மா பீடி சுற்றுபவர். வீட்டிலேயே முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு தாண்டியவள் அவள்தான். பேசமாட்டாள். ஒரு நாள் பயிற்சி, ஃபாரன்ஹீட்டைச் சென்டிகிரேடாக மாற்றி அட்டவணை போடுவது. 32-ஐக் கழித்து ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுக்க வேண்டும். அவள் புத்தகத்தில் உள்ளபடியே எழுதியிருந்தாள். முதலில் 5/9, அப்புறம் பெருக்கல் குறி, அப்புறம் அடைப்புக்குறிக்குள் 32-ஐக் கழித்தது. அச்சிட்ட தாளைக் கொண்டுவந்து நின்றாள்.

"சார், எல்லாமே பூஜ்யம் வருது சார்."

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபோர்ட்ரானுக்கு 5-உம் முழு எண், 9-உம் முழு எண். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் சட்டம். ஐந்தில் ஒன்பது எத்தனை முறை போகும்? ஒரு முறைகூடப் போகாது. ஆகவே பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். இதையே வரிசை மாற்றி, 32-ஐக் கழித்ததை முதலில் எழுதி, அதை ஐந்தால் பெருக்கிப் பிறகு ஒன்பதால் வகுத்திருந்தால் சரியான விடை வந்திருக்கும். வெப்பநிலை தசம எண் என்பதால் கணக்கு முழுவதும் தசமத்திலேயே ஓடியிருக்கும். வகுப்பில் பாதிப்பேர் தற்செயலாக அப்படி எழுதித் தப்பித்திருந்தார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் தாளோடு நின்றார்கள். சிவப்புப் பேனாவை எடுத்து 5-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி பூஜ்யம், 9-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி பூஜ்யம் போட்டேன். "இப்படிப் போடு, வரும். அடுத்த ஆள்" என்றேன். பத்து நிமிஷத்தில் 212-க்கு நேராக 100 என்று அச்சடித்த தாளைக் கொண்டுவந்து காட்டினாள். முகம் மலர்ந்திருந்தது. நல்ல வாத்தியார் என்று எனக்கும் என்னைப் பற்றி ஒரு திருப்தி.

ஏப்ரலில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வந்தது முக்கோணத்தின் பரப்பளவு. அரை, பெருக்கல் அடிப்பக்கம், பெருக்கல் உயரம். அவள் புத்தகத்தில் உள்ளபடி 1/2 என்று தொடங்கி எழுதினாள். விடை பூஜ்யம்.

நான் உள் தேர்வாளர். வாயைத் திறக்கக் கூடாது. அடிப்பக்கத்தை மாற்றிப் பார்த்தாள். உயரத்தை மாற்றிப் பார்த்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டினாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று மணி நேரம் முடிந்தது. பிறகு விடைத்தாளைப் பார்த்தபோது ஓரத்தில் பென்சிலால் 5.0, 9.0 என்று எழுதி அடித்திருந்தாள். என் சிவப்புப் புள்ளி அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அது ஐந்துக்கும் ஒன்பதுக்கும் உரியது என்று நினைத்துவிட்டாள். எதற்காக என்று நான்தான் சொல்லவே இல்லையே.

ஒரு தாளில் தோற்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. நவம்பரில் மறுபடி எழுதலாம். ஆனால் ஜூனில் அவள் வரவில்லை. அவளுடைய அப்பா வந்து டி.சி. கேட்டார். "புள்ளைக்கு இந்தக் கம்ப்யூட்டர் ஒத்துவரலையாம் சார்" என்றார். நான் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். "அது அவள் தப்பில்லை, என் தப்பு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்றைக்குத்தான் அட்டை அடித்த அண்ணாச்சி ஞாபகத்துக்கு வந்தார். அவருக்கு விடை தெரியாது. அதனால் என்னைப் பேச விட்டார். எனக்கு விடை தெரிந்திருந்தது. அதனால் அவளைப் பேச விடவில்லை. 1999-இல் ஹன்ட், தாமஸ் என்ற இருவர் எழுதிய 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகத்தில் ஒரு யோசனை வந்தது. மேஜையில் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்துக்கொண்டு, அதற்குப் புரோகிராமை வரி வரியாக விளக்கு, பிழை தானாகத் தெரியும் என்று. உலகமெல்லாம் இது பிரபலம். படித்தபோது எனக்கு அண்ணாச்சி முகம்தான் தெரிந்தது.

1987 ஜூன் முதல் ஆய்வகத்தில் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மாணவர் பக்கத்தில் போகும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வது. விசைப்பலகையைத் தொடுவதில்லை, பேனா எடுப்பதில்லை. முதல் கேள்வி, "மெஷின் என்ன சொல்லுது? வாய்விட்டுப் படி." இரண்டாவது, "நீ என்ன வரும்னு நினைச்சே?" மூன்றாவது, "எந்த வரி வரைக்கும் சரியா இருக்குன்னு உனக்கு நிச்சயமாத் தெரியும்?" முக்கால்வாசிப் பேருக்கு மூன்றாவது கேள்வி தேவைப்படாது.

1990-களில் சி மொழி வந்தது. மொழி மாறியதே தவிர, பிள்ளைகள் செய்யும் தப்புகள் சொந்தக்காரர்கள் மாதிரி கூடவே வந்தன. வரி முடிவில் அரைப்புள்ளியை விட்டுவிடுவார்கள். மெஷின் அடுத்த வரியில் பிழை என்று சொல்லும். அந்த வரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "மழைக்கு வீடு ஒழுகினா தண்ணி சொட்டுற இடத்துலயா ஓடு விலகியிருக்கு? மேல ஏறிப் பாரு" என்பேன். உடனே மேல் வரியைப் பார்ப்பார்கள். சிலர் அரைப்புள்ளி மேல் உள்ள பக்தியில் 'ஃபார்' வரியின் முடிவிலும் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். பத்துத் தடவை நடக்க வேண்டியது ஒரே தடவை நடக்கும். மெஷின் குறையொன்றும் சொல்லாது.

அடுத்தது எண்ணிக்கைத் தப்பு. 100 அடி வேலிக்குப் பத்தடிக்கு ஒரு கல் நட்டால் எத்தனை கல் வேண்டும்? பத்து என்று சொல்லாதவர் அபூர்வம். பதினொன்று வேண்டும். சி மொழியில் வரிசையின் முதல் இடத்துக்கு எண் பூஜ்யம் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். "தரைத்தளம் பூஜ்யம், அதுக்கு மேல முதல் மாடி. அஞ்சு தளம் இருக்கிற கட்டடத்துல அஞ்சாவது மாடி உண்டா?" என்று கேட்பேன். ஏன் பூஜ்யத்தில் தொடங்குவது நல்லது என்று டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1982-இல் ஒரு சிறு குறிப்பே எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரியவருக்கு அதை விளக்க வேண்டியிருந்தது என்றால் பாலிடெக்னிக் பிள்ளைகள் தடுமாறுவதில் என்ன அதிசயம்?

மூன்றாவது, சமக்குறி. சி மொழியில் ஒரு சமக்குறி என்றால் 'இதை அதில் போடு'. இரண்டு சமக்குறி என்றால் 'இரண்டும் ஒன்றா பார்'. ஒன்றை மறந்தால் பார்ப்பதற்குப் பதில் போட்டுவிடும். இது கற்றுக்குட்டிகளின் தப்பு என்றுதான் நினைத்திருந்தேன். 2003 நவம்பரில் லினக்ஸ் மூலநிரலின் ஒரு பிரதிக்குள் யாரோ இரண்டு வரிகளைத் திருட்டுத்தனமாகச் செருகினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், பயனர் எண் பூஜ்யமா என்று சோதிக்கிற வரி. பூஜ்யம் என்றால் கணினியின் முழு அதிகாரம் உள்ளவர். ஆனால் அங்கே ஒரு சமக்குறிதான் இருந்தது. சோதிப்பதற்குப் பதிலாக, கேட்டவருக்கு முழு அதிகாரத்தைக் கொடுத்துவிடும். மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் பிடிபட்டது. கற்றுக்குட்டியின் தப்பு மாதிரியே வேஷம் போட்டு வந்த திருடன்!

எண்ணின் இனத்தை மறந்த தப்புக்கும் பெரிய உதாரணம் உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வானத்திலேயே சிதறியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அந்தச் சிறிய இடத்தில் அது கொள்ளவில்லை. படியில் மரக்காலைக் கொட்டிய கதை. அது முந்தைய ஏரியான்-4 ராக்கெட்டுக்காக எழுதிய பகுதி. அதில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததில்லை. செய்தியைப் படித்த அன்று எனக்கு ராக்கெட் கண்ணில் தெரியவில்லை. வரிசை வரிசையாகப் பூஜ்யம் அச்சடித்த ஒரு தாள்தான் தெரிந்தது.

ராய் பீ என்ற ஆய்வாளர் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்றை நான் ஓய்வு பெறும் சமயத்தில்தான் படித்தேன். எந்த மொழியில் கற்றாலும் தொடக்கக்காரர்கள் செய்யும் தப்புகளுக்கெல்லாம் தாய்த் தப்பு ஒன்று உண்டு என்கிறார். கம்ப்யூட்டருக்குள் எங்கோ ஒரு மனம் ஒளிந்திருக்கிறது, நாம் சொல்ல நினைத்ததை அது புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கைதான் அது. சரியான பேச்சு. நமக்கு வாய்த்த மனிதர்கள் அப்படித்தானே? "அதை எடு" என்றால் எதை என்று கேட்காமல் எடுத்துத் தரும் அம்மா, "வழக்கம்போல" என்றால் சர்க்கரை குறைத்து டீ போடும் கடைக்காரர். அப்படியே வளர்ந்த பிள்ளை 5/9 என்று எழுதினால், புத்தகத்தில் உள்ள பின்னம்தான் என்று மெஷினுக்குத் தெரியாதா என்றுதான் நினைக்கும். அதனால், தப்பு செய்யும் பிள்ளைக்கு மூளை குறைவு என்று நினைக்காதீர்கள். மனிதர்களோடு பழகிய பழக்கத்தை மெஷினிடம் காட்டுகிறது, அவ்வளவுதான்.

5/9-இன் கதை எப்படி முடிந்தது தெரியுமா? ஃபோர்ட்ரானில் பூஜ்யம். பேசிக்கில் 0.5555. சி மொழியில் மறுபடி பூஜ்யம். பைத்தானிலும் முதலில் பூஜ்யம்தான். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3-இல் மாற்றினார்கள், இப்போது 0.5555 வருகிறது. முழு எண் விடைதான் வேண்டும் என்றால் இரண்டு சாய்கோடு போட வேண்டும். அந்த அறிவிப்பைப் படித்த அன்று நான் யாரை நினைத்துக்கொண்டேன் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒரு குழி மூடினால் இன்னொரு குழி. என் பேத்தி விழுந்தது அதில். பைத்தான் 3-இல் விசைப்பலகையிலிருந்து வாங்குவது எதுவானாலும் அதை எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டிவிடும். 12-உம் 12-உம் 1212. பிழைச் செய்தியே வராது. மெஷின் கத்துகிற தப்பைப் பிடிப்பது சுலபம்; வாயைத் திறக்காமல் தப்பான விடையைக் கொடுக்குமே, அதுதான் கஷ்டம்.

வீடியோவில் இருந்ததால் என் கை பின்னால் இருந்தது அவளுக்குத் தெரிந்திருக்காது. "முதல் வரியிலேருந்து எனக்குச் சொல்லும்மா. எனக்குப் பைத்தான் அவ்வளவாத் தெரியாது" என்றேன். இந்த வயதில் ஒரு சின்னப் பொய் பரவாயில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் நிறுத்தி, "12-ன்னா நம்பர்தானே தாத்தா?" என்றாள். "நீதான் சொல்லணும். அது உன் மெஷின்" என்றேன். பேச்சே இல்லை. ஆறிப்போன இட்லியை வீட்டுக்காரி நகர்த்தி வைத்தாள். விடை என் நுனி நாக்கில் நின்றது. அதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது லேசான காரியம் இல்லை.

ஒரு இரண்டு நிமிஷம் இருக்கும். "ஏ தாத்தா, உங்க போன் நம்பரையும் என் நம்பரையும் யாராவது கூட்டுவாங்களா? அதுவும் நம்பர்தான், ஆனா கூட்ட முடியாதே. இதையும் அது அப்படி நினைச்சுக்கிட்டு இருக்கு!" என்று கத்தினாள். நான் யோசித்தே பார்த்திராத விளக்கம். அதற்குப் பிறகு எண்ணாக மாற்றும் கட்டளையை அவளே தேடிப் போட்டாள். 24 வந்தது. நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

என் வயதுக்காரர்கள் பலர், "பேரப்பிள்ளைகள் ஏதோ கம்ப்யூட்டரில் படிக்குது, நமக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒதுங்கி உட்கார்கிறார்கள். ஒன்றும் தெரியாததுதான் வசதி. விடை தெரியாதவரால் அவசரப்பட்டுச் சொல்லிக்கொடுக்க முடியாது. அடுத்த தடவை பிள்ளை திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். "இது என்ன சொல்லுது, ஒவ்வொரு வரியா எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அண்ணாச்சி எனக்குச் செய்தது அவ்வளவுதான்.